ஐம்பது வயது விமானத்துக்கு இன்றைக்கும் டிக்கெட் இருக்கிறது

கனடாவில் மான்ட்ரியாலுக்குப் பக்கத்தில் மிராபெல் என்று ஒரு விமான நிலையம். அங்கிருந்து இயங்கும் நோலினார் என்ற கம்பெனி, 1970களிலும் 80களிலும் போயிங் தொழிற்சாலையை விட்டு வந்த 737-200 ஜெட்டுகளை வைத்துக்கொண்டு இன்றைக்கும் ஆள் ஏற்றிப் பறக்கிறது. கண்காட்சிக்காக இல்லை, பழைய விமானப் பித்துப் பிடித்தவர்களை ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்று சுற்றிக் காட்டுவதற்காகவும் இல்லை. வடதுருவப் பகுதியை ஒட்டிய சுரங்கங்களில் ஷிப்டு மாறும் தொழிலாளர்கள் பையும் பூட்சுமாக அதில் ஏறி வேலைக்குப் போய் வருகிறார்கள். அந்த விமானம் செய்யப்பட்டபோது அவர்களில் பலர் பிறந்தே இருக்க மாட்டார்கள்.

இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்பது, "புதுசு வாங்கக் காசில்லையா?" என்பதுதான். காசும் ஒரு காரணம்தான், அதற்குப் பிறகு வருகிறேன். முதல் காரணம் தரை.

கனடாவின் நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு நுனாவுட் என்ற வடக்குப் பிரதேசம். அங்கே மொத்தம் 25 ஊர்கள், தெற்கிலிருந்து எந்த ஊருக்கும் சாலை கிடையாது. கோடையில் சில வாரம் கப்பல் வரும், மற்றபடி பால், ரொட்டி, தபால், டாக்டர், கர்ப்பிணி எல்லாம் விமானத்தில்தான். அந்த ஊர்களில் தார் போட்ட ஓடுபாதை இருப்பது இக்காலுயிட், ராங்கின் இன்லெட் என்ற இரண்டே இடத்தில். மீதியெல்லாம் சரளைக்கல். சரி, தார் போட்டுவிட்டால் போகிறது என்று நினைக்கலாம். ஆனால் அடியில் இருப்பது வருடம் முழுக்க உறைந்தே கிடக்கும் மண். மேலே கறுப்பாக எதையாவது போட்டால் அது வெயிலை உறிஞ்சி அடிமண்ணை இளக்கிவிடும், ஓடுபாதை அங்கங்கே உள்வாங்க ஆரம்பிக்கும். போதாததற்கு, தார் போடும் இயந்திரத்தையே கப்பலில்தான் கொண்டுபோக வேண்டும்.

சரளைக்கல் மேல் ஜெட் விமானத்தை இறக்கினால் என்ன ஆகும்? சக்கரம் கல்லைத் தெறிக்க விடும், அது வயிற்றிலும் இறக்கையின் அடியிலும் அடிக்கும். அதைவிட மோசம் இன்ஜின். ஓடும்போது அதன் வாய்க்கு முன்னால் தரைக்கும் இன்ஜினுக்கும் நடுவே சின்னச் சூறாவளி மாதிரி ஒரு காற்றுச்சுழல் உண்டாகும், அது கல்லைத் தூக்கி உள்ளே போட்டுவிடும். உள்ளே விசிறித் தகடுகள் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு கூழாங்கல் போனால் போதும்.

போயிங் இதற்கு 1960களின் கடைசியிலேயே ஒரு ஏற்பாடு செய்தது, 737-200க்கு மட்டும். மூக்குச் சக்கரத்துக்குப் பனிச்சறுக்குப் பலகை போல வளைந்த ஒரு பெரிய தகடு. கல் தெறித்தால் அதில் பட்டுப் பக்கவாட்டில் போகும், வயிற்றுக்கு ஏறாது. இன்ஜின் வாயின் கீழ் உதட்டிலிருந்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குழாய். இன்ஜினிலிருந்தே எடுத்த அழுத்தக் காற்றை அது கீழே பீய்ச்சி, நான் சொன்ன அந்தச் சுழல் உருவாகாமலே கலைத்துவிடும். அடிவயிற்றுக்குத் தடித்த பூச்சு, சக்கரத்துக்குப் பக்கத்தில் போகும் பிரேக் குழாய்களுக்கு உறை, கல் பட்டு உடையாமல் இருக்க உள்ளே இழுத்துக்கொள்ளும் விளக்கு. பெரிய விஞ்ஞானம் எதுவும் இல்லை, யாரோ ஒருவர் கல் எங்கெங்கே அடிக்கும் என்று மண்டியிட்டுப் பார்த்துச் செய்த வேலை என்றுதான் எனக்குத் தோன்றும்.

இதே ஏற்பாட்டைப் புது 737-களுக்குச் செய்யவில்லை. பழைய 737-200-ன் இன்ஜின் ஒல்லியாக, நீளமாக, இறக்கையோடு ஒட்டினாற்போல் தொங்கும். 1980களில் வந்த அடுத்த தலைமுறைக்கு எரிபொருள் மிச்சப்படுத்தும் அகலமான இன்ஜினைப் போட்டார்கள். அது தரையில் இடிக்காமல் இருக்க அடிப்பக்கத்தைச் சப்பையாக்க வேண்டி வந்தது. ஏர்போர்ட்டில் 737-ஐப் பக்கத்தில் பார்த்தவர்கள் கவனித்திருப்பீர்கள், இன்ஜின் வாய் முழு வட்டமாக இருக்காது. தரைக்கு அவ்வளவு நெருக்கமாக வாயைத் திறந்து வைத்துக்கொண்டு சரளையில் ஓடினால் கதை முடிந்தது. ஆக நூறு பேரை ஏற்றிக்கொண்டு ஜெட் வேகத்தில் போய்ச் சரளையில் இறங்க வேண்டுமென்றால், 1988-ல் உற்பத்தி நின்றுபோன ஒரு ரகத்தைத்தான் பெரும்பாலும் தேட வேண்டியிருக்கிறது. புரொப்பெல்லர் விமானங்கள் சரளையில் இறங்கும்தான், ஆனால் இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கிற சுரங்கத்துக்கு அவை மெதுவாகப் போய்ச் சேரும், ஏற்றும் ஆளும் குறைவு.

இப்போது காசு. இந்தப் பழைய ஜெட்டுகள் எரிபொருளைக் குடித்துத் தீர்க்கும், சத்தமும் ஊரைக் கூட்டும். ஒரு நாளைக்கு ஐந்தாறு நடை பறக்கிற டில்லி–மும்பை மாதிரி தடத்தில் இவற்றை ஓட்டினால் கம்பெனி ஒரு மாதம் தாங்காது. வாரத்துக்குச் சில நடை மட்டும் பறப்பதாக இருந்தால் கணக்கு மாறிவிடும். புது விமானத்துக்கு மாதாமாதம் தவணை கட்டியாக வேண்டும், பறந்தாலும் பறக்காவிட்டாலும். பழைய விமானத்தின் கடன் எப்போதோ அடைந்துவிட்டது, நின்றுகொண்டிருந்தால் அது கேட்பது நிறுத்த இடமும் பராமரிப்பும்தான். எரிபொருள் அதிகம் குடித்தால்தான் என்ன, குடிக்கிற நேரம் குறைவு.

அப்புறம் எல்லோர் மனதிலும் இருக்கும் கேள்வி. இவ்வளவு பழசில் ஏறலாமா?

விமானத்தின் வயதை வருடத்தில் எண்ணுவது நம் வழக்கம். பராமரிப்பவர்கள் வேறு இரண்டு எண்களைத்தான் முதலில் பார்ப்பார்கள்: எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறது, எத்தனை முறை ஏறி இறங்கியிருக்கிறது. ஜெட் விமானத்துக்கு இரண்டாவதுதான் உயிர். 35,000 அடிக்குப் போனால் வெளியே மூச்சுவிடக் காற்று போதாது, அதனால் உள்ளே காற்றை அழுத்தி வைக்கிறார்கள். அலுமினிய உடல் கொஞ்சம் உப்புகிறது. இறங்கும்போது பழையபடி சுருங்குகிறது. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு முறை உப்பிச் சுருங்கும். ஒரு கம்பியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பட்டென்று முறியுமே, அதே கதைதான், ஆனால் மிக மிக மெதுவாக, தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளின் துளை ஓரத்தில், கண்ணுக்குத் தெரியாத விரிசலாக ஆரம்பிக்கும்.

இதை உலகம் கற்றுக்கொண்ட விதம் கொடூரமானது. உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான பிரிட்டனின் காமெட் 1952-ல் சேவைக்கு வந்தது. 1954 ஜனவரியில் ஒன்று, ஏப்ரலில் இன்னொன்று, இரண்டும் நடுவானில் சிதறி மத்தியதரைக் கடலில் விழுந்தன. காரணம் புரியாமல், பிரிட்டனின் ஃபார்ன்பரோ விமான ஆய்வு மையத்தில் ஒரு முழு விமான உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளே தண்ணீரை ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். சுமார் 3,000 சுற்றில் உடல் கிழிந்தது. விழுந்த இரண்டும் செய்து சில வருடமே ஆன, கிட்டத்தட்டப் புது விமானங்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிட நம் பேச்சுக்கு நேராகப் பொருந்துவது 1988 ஏப்ரல் 28-ல் ஹவாயில் நடந்தது. அலோஹா ஏர்லைன்ஸின் 737-200, ஹீலோவிலிருந்து ஹொனலூலு போகிறது. 24,000 அடியில், முன்கதவுக்குப் பின்னாலிருந்து இறக்கை வரைக்கும் கூரை அப்படியே பிய்த்துக்கொண்டு போய்விட்டது. ஐந்தரை மீட்டர் நீளத்துக்கு மேலே வானம். பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த பயணிகள் திறந்த காரில் போவது மாதிரி காற்றில் அடிபட்டுக்கொண்டே மவுய் தீவில் இறங்கினார்கள். 95 பேரில் 94 பேர் பிழைத்தார்கள். நடைபாதையில் நின்று பரிமாறிக்கொண்டிருந்த பணிப்பெண் மட்டும் காற்றோடு போய்விட்டார், உடல் கிடைக்கவே இல்லை.

அந்த விமானத்துக்கு வயது 19. அவ்வளவுதான். ஆனால் ஏறி இறங்கியது 89,680 முறை. தீவு விட்டுத் தீவு இருபது நிமிடம், முப்பது நிமிடம் என்று நாள் முழுக்கக் குட்டிக் குட்டிப் பயணங்கள், சுற்றிலும் உப்புக் காற்று. போயிங் அதை வடிவமைத்ததே 75,000 சுற்றுக்கு. தகடுகளை ஒட்டியிருந்த பசை உப்பிலும் ஈரத்திலும் விட்டுப்போக, பசை தாங்க வேண்டிய சுமையெல்லாம் ரிவெட்டுகளின் மேல் ஏறி, அங்கிருந்து விரிசல் ஓடியிருந்தது. விசாரணையில் வெளிவந்த ஒரு விஷயம் எனக்கு மறக்கவே மறக்காது: ஏறும்போது ஒரு பயணி கதவுக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு விரிசலைப் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. நாமாக இருந்தால் சொல்லியிருப்போமா என்று யோசித்துப் பார்த்தால் சந்தேகம்தான். விமானக் கம்பெனிக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகிறது என்று போய் உட்கார்ந்திருப்போம்.

அதற்கப்புறம்தான் அமெரிக்காவில் 1991-ல் வயதான விமானங்களுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. ரகம் வாரியாகக் கூடுதல் சோதனைகள், எங்கெங்கே விரிசல் வரும் என்று முன்கூட்டியே வரைபடம் போட்டுத் தேடுவது, இந்தச் சுற்றுக்கு மேல் இந்த உடலை நம்பக்கூடாது என்று பெரிய விமானங்களுக்கு உச்சவரம்பு வைப்பது, எல்லாம் படிப்படியாக வந்தன. சில வருடத்துக்கு ஒருமுறை விமானத்தை ஹேங்கருக்குள் தள்ளி இருக்கை, தரைவிரிப்பு, உட்சுவர் எல்லாவற்றையும் பிடுங்கி, வெறும் உலோகத்தைக் காட்டும் அளவுக்குப் பிரித்துப் போட்டு வாரக்கணக்கில் பார்ப்பார்கள். சுழல் மின்னோட்டம், எக்ஸ்-ரே, கேளா ஒலி என்று கண்ணுக்குத் தெரியாத விரிசலைத் தேடும் வழிகளும் உண்டு. வாரத்துக்குச் சில நடை மட்டும் பறக்கும் நாற்பது, ஐம்பது வயது வடக்கத்தி 737, அந்தப் பத்தொன்பது வயது ஹவாய் விமானத்தைவிட உலோகக் கணக்கில் இளசாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

உள்ளே காற்றையே அழுத்தாத விமானம் என்றால்? அதற்கு இந்த உப்பல் சுருங்கல் தொல்லையே கிடையாது. டிசி-3 என்ற பழைய புரொப்பெல்லர் விமானம் இன்னும் பறப்பதன் ரகசியத்தில் பாதி இதுதான்.

டிசி-3 முதலில் பறந்தது 1935 டிசம்பர் 17. இரண்டாம் உலகப் போரில் ராணுவத்துக்காகப் பத்தாயிரத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். போர் முடிந்ததும் அவை சல்லிசாகக் கிடைக்க, உலகத்தில் பாதி விமானக் கம்பெனிகள் அதை வைத்துத்தான் கடை திறந்தன. நம் பக்கமும் அப்படித்தான். 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் தன் முதல் சேவையை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு நடத்தியது ஒரு டிசி-3-ல்தான். இறக்கைக்கு ஒரே ஒரு பெரிய முதுகெலும்பை வைத்து எல்லாச் சுமையையும் அதன் தலையில் கட்டாமல், பல சின்னத் தாங்கிகளையும் தகட்டையும் சேர்த்துப் பெட்டி பெட்டியாக அமைத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் உலோகச் சோர்வைத் துல்லியமாகக் கணக்கிட வழியில்லை, அதனால் எதற்கும் இருக்கட்டும் என்று தாராளமாகப் போட்டார்கள். அந்தத் தாராளம் 90 வருடமாகப் பலன் தருகிறது.

கொலம்பியாவில் வில்லாவிசென்சியோ என்ற ஊரிலிருந்து கிழக்கே புல்வெளியும் அமேசான் காடும். உள்ளே இருக்கிற ஊர்களுக்குச் சாலை இல்லை, ஆற்றில் படகில் போனால் நாள்கணக்கில் ஆகும். மிஞ்சியிருக்கும் சில டிசி-3-கள்தான் அங்கே லாரி, பஸ், ஆம்புலன்ஸ் எல்லாம். பீர் பெட்டி, டீசல் பீப்பாய், மோட்டார் சைக்கிள், அவற்றோடு பக்கவாட்டு இருக்கையில் ஆட்கள். மண் ஓடுபாதையில் தூசியைக் கிளப்பிக்கொண்டு இறங்கும். படத்தில் பார்க்க ரொம்ப அழகுதான். அதே நேரம், 2019 மார்ச்சில் அங்கே ஒரு டிசி-3 விழுந்து அதிலிருந்த 14 பேரும் இறந்ததையும் சொல்லியாக வேண்டும். ஒரு இன்ஜின் நின்றது, அதன் புரொப்பெல்லரின் தகடுகளைக் காற்றுக்கு நேராகத் திருப்ப முடியவில்லை. திரும்பாத புரொப்பெல்லர் காற்றில் ஒரு சுவர் மாதிரி நின்று விமானத்தை இழுக்கும்.

கனடாவின் யெல்லோநைஃபில் 2013 ஆகஸ்டில் இதே மாதிரிதான் நடந்தது, ஆனால் அங்கே 24 பேரும் தப்பினார்கள். ஹே ரிவர் போகப் புறப்பட்ட டிசி-3. ஏறிய உடனே வலது இன்ஜினில் தீ. ஒரு சிலிண்டரில் ஏற்கெனவே இருந்த விரிசல் விட்டுக்கொடுத்திருந்தது. புரொப்பெல்லர் முழுதாகத் திரும்பவில்லை. விமானி திரும்பி வந்து ஓடுபாதைக்குக் கொஞ்சம் முன்னாலேயே, சக்கரம் இறக்காமல் வயிற்றால் தரையில் சறுக்கி நிறுத்தினார். விசாரணையில் தெரிந்தது, புறப்படும் முன் எடையைச் சரியாகக் கணக்குப் போடவே இல்லை, அனுமதித்த எடையைவிட அதிகமாக ஏற்றியிருந்தார்கள். எழுபது வயது விமானம் என்று தலைப்புப் போட வசதியான செய்திதான். ஆனால் எடை போடாமல் கிளம்புவதற்கும் விமானத்தின் வயதுக்கும் என்ன சம்பந்தம்?

நான் ஏறிய பழசு வேறு ரகம். வான்கூவரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, துறைமுகத்திலிருந்து விக்டோரியா போகும் ஹார்பர் ஏர் கம்பெனியின், தண்ணீரில் ஏறி இறங்கும் மிதவை விமானத்தில் போகலாம் என்று நான்தான் நச்சரித்தேன். டி ஹேவிலாண்ட் ஓட்டர், உற்பத்தி 1951-ல் தொடங்கி 1967-ல் நின்றுவிட்டது, அதனால் எந்த ஓட்டரில் ஏறினாலும் வயது ஐம்பதுக்கு மேல்தான். மாமாவுக்கு அது தெரியாது. மிதவை மேடையில் நின்றுகொண்டு, "என்னடா இது, ஆள் இறங்கித் தண்ணி இறைக்கிறாரு?" என்றார். உண்மைதான், விமானி கையில் ஒரு பம்போடு மிதவையின் மேல் நடந்து, ஒவ்வொரு அறையின் மூடியையும் திறந்து குழாயைச் செருகி, உள்ளே கசிந்த தண்ணீரை உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டிருந்தார். "ஓட்டையா இருக்கா?" "இல்லீங்க மாமா, எல்லா மிதவையிலயும் கொஞ்சம் கசியும், தினமும் இறைச்சுட்டுத்தான் கிளம்புவாங்க." "எந்த வருஷத்து வண்டி?" நான் சொன்னேன். "நான் பிறக்கறதுக்கு முந்தியதா!" என்றவர் அதற்கப்புறம் விக்டோரியா வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. காதடைப்பான் வேறு கொடுத்திருந்தார்கள், அது நல்ல சாக்காகப் போயிற்று. விமானிக்கும் எங்களுக்கும் நடுவே கதவு கிடையாது, அவர் கை எந்தக் கம்பியை எவ்வளவு தள்ளுகிறது என்பது வரைக்கும் தெரிந்தது. தாழ்வாக, தீவுகளின் மேல், கப்பல்களின் பெயர் படிக்கிற உயரத்தில் போகிற சுகம் பெரிய ஜெட்டில் வராது.

பழைய ஓட்டர் என்றாலும் அதில் பழசு எவ்வளவு என்பது வேறு கணக்கு. 600 குதிரைத்திறன் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு, மண்ணெண்ணெய் ரக எரிபொருளில் ஓடும் டர்பைன் போட்டிருக்கிறார்கள். மூக்கு நீண்டிருப்பது அதனால்தான். முன்பலகையில் செயற்கைக்கோள் வழிகாட்டித் திரை. மிதவை மாற்றியது, இறக்கைத் தாங்கிகள் மாற்றியது, வயர் எல்லாம் மாற்றியது. இதன் அண்ணன் பீவர், 1947-ல் முதலில் பறந்தது, 1,657 செய்தார்கள். செய்வதற்கு முன் காட்டுப் பகுதிகளில் ஓட்டும் விமானிகளிடம் என்னென்ன வேண்டும் என்று கேட்டுச் செய்தார்கள். பெட்ரோல் பீப்பாயை உருட்டி ஏற்றும் அகலத்தில் கதவு, பனியில் வெளியே இறங்காமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே இன்ஜின் ஆயில் ஊற்ற ஒரு மூடி. சியாட்டில் பக்கம் கென்மோரில், அடிபட்டுக் கிடக்கும் பீவர்களை வாங்கி எலும்பு வரை பிரித்துப் புதிதாகக் கட்டுவதையே ஒரு தொழிலாக வளர்த்துவிட்டார்கள். கடைசியில் மிஞ்சும் பழைய பாகங்களில் முக்கியமானது உற்பத்தி எண் பொறித்த சின்னத் தகடு என்று கிண்டல் செய்வார்கள். அந்தத் தகடும் கூடவே வரும் பதிவுப் புத்தகங்களும் இருந்தால்தான் சட்டப்படி அது விமானம். எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது, எத்தனை மணி நேரம் ஓடியது என்ற காகிதம் தொலைந்துபோனால், பளபளவென்று இருந்தாலும் முக்கியமான பாகங்கள் பழைய இரும்புக் கடைக்குத்தான்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, 2005 டிசம்பர் 19-ல் மயாமியில் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மை இல்லை. சாக்ஸ் ஓஷன் ஏர்வேஸின் கிரம்மன் மல்லார்டு, 1947-ல் செய்த நீர்-நில விமானம், பஹாமாஸின் பிமினித் தீவுக்குக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் வலது இறக்கை கழன்று விழுந்தது. 20 பேரும் இறந்தார்கள். இதில் உள்ளே காற்றழுத்தம் இல்லை, மணிக்கணக்கு, சுற்றுக் கணக்கு என்று நான் மேலே சொன்ன ஆறுதல் எதுவும் செல்லவில்லை. தண்ணீரில் தட்டித் தட்டி இறங்கியதிலும் உப்பிலும் இறக்கையின் உள்ளே சோர்வு விரிசல் வளர்ந்திருக்கிறது. விசாரணையில் வந்த மனதை உறுத்தும் விவரம்: இறக்கையிலிருந்து எரிபொருள் திரும்பத் திரும்பக் கசிந்திருக்கிறது. கசிவை அடைத்தார்கள். ஏன் கசிகிறது என்று தேடவில்லை. விரிசலுக்கு மேல் ஒட்டுத் தகடு போட்டார்கள், அடியில் விரிசல் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

2022 செப்டம்பர் 4-ல் சியாட்டிலுக்கு வடக்கே ஒரு டர்பைன் ஓட்டர், நான் ஏறிய அதே ரகம், 1967-ல் செய்தது, நேராகக் கடலில் விழுந்து 10 பேர் இறந்தார்கள். கடலடியிலிருந்து எடுத்துப் பார்த்தபோது, வால் இறக்கையின் சாய்வை மாற்றும் திருகுப் பொறியில் நட்டு கழன்று போயிருந்தது. அது கழலாமல் பிடித்து வைக்க வேண்டிய சின்னப் பூட்டு வளையம் அங்கே இல்லை. அந்தச் செய்தியைப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது, மறைக்க என்ன இருக்கிறது. புது விமானத்திலும் வளையம் போட மறக்கலாம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பழைய விமானத்தில் அப்படி மறக்கக்கூடிய இடங்கள் அதிகம், பல கைகள் மாறி, பல தடவை கழற்றி மாட்டி வந்திருக்கும். ஆகவே பழசென்றால் ஆபத்து என்று சொல்பவர்களோடு நான் முழுக்கச் சண்டைக்குப் போக மாட்டேன். பழசுக்கு அக்கறை கூட வேண்டும், அந்த அக்கறைக்கு ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் கொடுக்கக் கம்பெனியிடம் வரும்படி வேண்டும். நொடித்துப்போகும் நிலையில் இருக்கிற கம்பெனியின் பழைய விமானம்தான் எனக்குப் பயம். அதே கம்பெனியின் புது விமானமும் எனக்கு அவ்வளவு உவப்பில்லை.

ஈரானை இந்தப் பட்டியலில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை, அது வேறு கதை. அங்கே ஓடுபாதை நன்றாகத்தான் இருக்கிறது, தடைகளால் புது விமானமும் வாங்க முடியாது, உதிரி பாகமும் நேர்வழியில் வராது. 2019 ஜனவரி வரைக்கும் அங்கே மூன்று இன்ஜின் போயிங் 727 பயணிகளை ஏற்றிக்கொண்டு வழக்கமான சேவையில் பறந்தது, ஜாஹிதானிலிருந்து தெஹ்ரானுக்கு. ரசிகர்கள் படம் எடுத்துக் கொண்டாடினார்கள். வேறு வழியில்லாமல் அதில் ஏறியவர்களுக்கு அதில் கொண்டாட ஒன்றும் இருந்திருக்காது.

இந்தப் பழசுகள் எப்போது நிற்கும்? உலோகம் தேய்ந்து நிற்கும் என்று நான் நினைக்கவில்லை, மற்றவைதான் முதலில் தீரும். பெட்ரோல் இன்ஜின் போட்ட டிசி-3-க்கும் பீவருக்கும் ஈயம் கலந்த விமானப் பெட்ரோல் வேண்டும், அது விலையும் ஏறுகிறது, கிடைக்கும் ஊர்களும் குறைகின்றன. அந்த இன்ஜினின் சத்தத்தைக் கேட்டே எந்தச் சிலிண்டர் சரியில்லை என்று சொல்லும் மெக்கானிக்குகள் ஓய்வு பெறுகிறார்கள். விஸ்கான்சினின் ஆஷ்கோஷில் ஒரு நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது: பழைய டிசி-3-ஐ வாங்கி, உடலை ஒரு மீட்டர் நீட்டி, இரண்டு டர்பைன்களை மாட்டி, பாஸ்லர் என்ற பெயரில் விற்கிறது. அண்டார்க்டிகாவில் விஞ்ஞானிகளை ஏற்றிக்கொண்டு பனிச்சறுக்குப் பலகைகளோடு இறங்குவது அதுதான். 737-200-க்கு அந்த மாதிரி மறுபிறவி இல்லை. அதன் இன்ஜினுக்குப் பாகம் வேண்டுமென்றால், பாலைவனத்தில் நிறுத்தி வைத்திருக்கும் இன்னொரு 737-ஐப் பிரிக்க வேண்டும், பிரிக்கப் பிரிக்க அவையும் தீரும்.

ஹார்பர் ஏர் ஒரு பீவரின் மூக்கில் 750 குதிரைத்திறன் மின்மோட்டாரை மாட்டி 2019 டிசம்பர் 10-ல் வான்கூவர் பக்கத்து ஃபிரேசர் ஆற்றிலிருந்து கிளப்பிக் காட்டியது. அதற்கு எடுத்தது 1950களில் செய்த பீவர். புது விமானத்தை முதலிலிருந்து வடிவமைத்துச் சான்றிதழ் வாங்குவதைவிட, எப்படி நடந்துகொள்ளும் என்று எல்லோருக்கும் அத்துப்படியான உடலில் மோட்டாரை மட்டும் மாற்றிப் பார்ப்பது சுலபம், அதுதான் காரணம். அன்றைக்குப் பறந்தது சில நிமிடங்கள், ஓட்டியது கம்பெனியின் நிறுவனரே. பயணிகளோடு பறக்கச் சான்றிதழ் வாங்க வேண்டும், அதைவிடப் பெரிய சிக்கல் பேட்டரி எடை. தேவையான தூரத்துக்குப் பேட்டரியை ஏற்றினால் ஆள் உட்கார எடை மிச்சம் இருக்காது, ஆளை ஏற்றினால் விக்டோரியா வரைக்கும் போக மின்சாரம் போதாது. அதுவரைக்கும் ஓட்டர்தான், மாமாவுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும்.